ஹாப் பூவும் கொத்தமல்லி விதையும்

பத்துமலை அடிவாரத்தில் பூக்கடைகளைக் கடக்கும்போது மல்லிகை மணம் தானாகவே உங்களிடம் வந்து சேர்கிறதல்லவா? அந்த மணத்தைத் தரும் மூலக்கூறுகளில் ஒன்றின் பெயர் லினலூல். கொத்தமல்லி விதையின் எண்ணெயில் பாதிக்கு மேல் இதுதான். ஹாப் என்னும் குளிர்நாட்டுக் கொடியின் பூவிலும் இது சிறிதளவு உண்டு.

ஹாப் வளர நீண்ட கோடைப் பகல் வேண்டும். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகலே கொண்ட நம் நாட்டில் அது செழிப்பதில்லை. பீர் தயாரிப்பில்தான் இப்பூ பெரும்பாலும் பயன்படுகிறது. மாணவர்களே, பீர் உங்களுக்கு வேண்டாம்; அதன் வேதியியல் மட்டும் போதும்!

ஹாப் பூவின் இதழ்களுக்கிடையே மஞ்சள் தூள் போன்ற சுரப்பிகள் உள்ளன. அவற்றில் கசப்பு அமிலங்களும் மண எண்ணெயும் இருக்கின்றன. சூட்டில் இரண்டும் நேர்மாறாக நடந்துகொள்கின்றன. கசப்பு அமிலம் நீரில் எளிதில் கரையாது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொதித்தால் அதன் அணுக்கள் இடம் மாறி, கரையக்கூடிய சமபகுதியமாகிறது. மண எண்ணெயோ கொதிக்கக் கொதிக்கக் காற்றோடு போய்விடும். ஆகவே கசப்புக்கான ஹாப்பை முதலிலும் மணத்துக்கான ஹாப்பைக் கடைசியிலும் போடுவார்கள். ஆறிய பிறகு போடுவதும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகனில் உருவாகி 1972-இல் வெளியான ‘காஸ்கேட்’ மணத்துக்குப் பெயர்பெற்ற ஓர் இரகம். அதன் எண்ணெயில் ஏறத்தாழ பாதி மிர்சீன்; நம் செராயிலும் மிர்சீன் உண்டு.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். லினலூலின் கொதிநிலை ஏறத்தாழ 198 பாகை செல்சியஸ். தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. பிறகு எப்படி லினலூல் வெளியேறுகிறது? ஆவியாவதற்குக் கொதிநிலையை எட்ட வேண்டியதில்லை. எட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மல்லிகை உங்களுக்கு மணக்கவே மணக்காது. சூடு ஏற ஏற அதன் ஆவியழுத்தமும் ஏறும்; மேலெழும் நீராவி அந்த ஆவியையும் சேர்த்து இழுத்துச் செல்லும். செராய் எண்ணெயை வடித்தெடுப்பதும் இதே முறையில்தான்.

வீட்டில் செய்து பாருங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். ஒன்றிரண்டாக இடித்த கொத்தமல்லி விதையில் இரண்டு சம பங்கு எடுங்கள். ஒன்றை மூடாத பாத்திரத்தில் 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். மற்றொன்றை, அப்போதுதான் கொதித்து இறக்கிய நீரில் போட்டு 20 நிமிடம் மூடி வையுங்கள். முதல் பாத்திரத்தில் வற்றிய நீரை ஈடுசெய்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு ஆறிய பிறகு முகர்ந்து பாருங்கள். எது எந்தப் பாத்திரம் என்று தெரியாத ஒருவரை முகரச் சொன்னால் முடிவு இன்னும் நம்பகமாக இருக்கும்.