அரிசி வண்டியும் சவுக்கும்



மலருக்குத் தலைமைப் பண்பு பற்றி எழுதச் சொன்னார் நம் செயலாளர். "கமாண்டோ வீரர்களைப் பத்தி எழுதுப்பா, பசங்க படிப்பாங்க" என்றார். அதற்கு ரொம்பத் தூரம் போக வேண்டாம். நம்ம சம்மட்டிபுரத்திலேயே ஒருவர் அடங்கியிருக்கிறார். மருதநாயகம் என்கிற முகம்மது யூசுப்கான். நம் ஊர் வாயில் கான்சாகிப்.

அவரை ஆளாக்கியது பெரிய போர்க்களம் அல்ல, அரிசி வண்டி. 1752 முதல் 1754 வரை நடந்த திருச்சிப் போரில், எதிரி வழிமறித்து நிற்க, கோட்டைக்கு உணவு கொண்டுவரும் வண்டிகளுக்குக் காவல் போனவர். எந்தப் பாதையில் எதிரி, எது காலி என்று ஒற்றர் வைத்து அறிந்திருந்தார். அதைப் பார்த்துத்தான் மேஜர் லாரன்ஸ் பரிந்துரைக்க, 1754-இல் ஆங்கிலக் கம்பெனியின் சிப்பாய்களுக்கெல்லாம் தலைவரானார்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது இவர் கோட்டைக்கு வெளியே நின்றார். செங்கல்பட்டு, பரங்கிமலைப் பக்கம் திடீரென்று அடிப்பார், மறைவார், வேறிடத்தில் மறுபடி அடிப்பார். இன்றைய கமாண்டோ பாடம் இதுதானே! 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியதற்கு ஆங்கிலக் கப்பல்கள் வந்தது நேரடிக் காரணம். ஆனால் இவர் கொடுத்த தொல்லையும் லேசானதல்ல.

பிறகு மதுரையை ஆண்டார். 1763-இல் கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்தார். 1764 ஜூனில் கோட்டை மீது நடந்த தாக்குதலை முறியடித்தார். அப்புறம் எதிரிகள் மோதவில்லை, வழியை அடைத்தார்கள். அரிசி வண்டியில் தொழில் படித்தவருக்கு அரிசி வரவில்லை!

சரணடையலாம் என்று பேசிய பிரெஞ்சு அதிகாரி மார்ச்சாண்டை அவர் சவுக்கால் அடித்ததாக எழுதியிருக்கிறார்கள். அக்டோபர் 13-இல், தொழுகை நேரத்தில், அதே மார்ச்சாண்டும் திவான் சீனிவாசராவும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கட்டினார்கள். 15-இல் தூக்கு. சவுக்கடி மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, பசி பெரிய காரணம். ஆனால் அடிபட்டவன் மறுபடி வாய் திறந்து எதையும் சொல்லியிருக்க மாட்டான் அல்லவா? பாதையெல்லாம் ஒற்றர் வைத்தவருக்குப் பக்கத்து அறைச் செய்தி வரவில்லை.

இதை நான் படித்த நேரம் அப்படி. எங்கள் ப்ராஜெக்டுக்கு நான்தான் குரூப் லீடர். 25 மி.மீ. ஷாஃப்டை 24.5-ஆகக் கடைந்துவிட்டான் என்று ஒருவனை லேத் முன்னால், எல்லோரும் பார்க்க, கத்தித் தீர்த்தேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. மற்ற இருவரும் நான் கேட்டால் "சரி" என்பார்கள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வாடிப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். அவன் அம்மா காபி கொடுத்தார். அவன் முகம் பார்க்கவில்லை. "என் மேல தப்புடா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் ட்ராயிங்கை எடுத்துவந்து விரித்தான்.

"இதுல 24.5-னு போட்டது யாருடா?"

என் கையெழுத்துதான்.