ஓட்டு மெஷினில் தடுமாறாத கை

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. குன்னம் பக்கத்தில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறார். நாலாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பத் தெரிகிறது. ஆனால் விலை பார்க்கும் செயலியைத் திறந்து கொடுத்தால், இரண்டாவது திரையிலேயே "எனக்கு இதெல்லாம் மண்டையில ஏறாதுடி" என்று போனைத் திருப்பித் தந்துவிடுகிறார். இதற்கு வழி உண்டா?
- வாசகி, அரியலூர்

பதில்: குறை அம்மாவின் மண்டையில் இல்லை. முதலில் அதை அவரிடம் சொல்லுங்கள்.

இதே அம்மா ஓட்டு மெஷின் முன்னால் தடுமாறுவதில்லை. ஏன்? ஒரு பெட்டியில் 16 வரிசை வரை பெயரும் சின்னமும் கண்ணெதிரே இருக்கின்றன. சின்னத்துக்கு நேராக நீலப் பொத்தான். அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிகிறது, 'பீப்' சத்தம் கேட்கிறது, பக்கத்துப் பெட்டியில் சீட்டு 7 விநாடி தெரிகிறது. அங்கே எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. செயலியிலோ மாவட்டத்துக்குள் சந்தை, சந்தைக்குள் பயிர் என்று ஒன்றுக்குள் ஒன்றாக ஒளிந்திருக்கிறது.

பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி மையத்தில் இந்திராணி மேதி இதையே ஆராய்ந்தார். வீட்டு வேலை செய்யும் பெண்கள் வேலை தேடுவதற்காக, எழுத்தே இல்லாத திரையை அவர்களோடு உட்கார்ந்தே உருவாக்கினார். அந்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. பாத்திரம் கழுவும் வேலையைக் குறிக்க முதலில் சும்மா ஒரு படம் வரைந்தார்கள். பெண்களுக்கு அது சமையலறை என்ற இடமாகத்தான் தெரிந்தது. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதுபோல் வரைந்த பிறகுதான் 'வேலை' என்று புரிந்தது. படங்களுக்குக் குரல் விளக்கமும் இருந்தது.

பின்னாளில் அவர் இன்னொன்றையும் கண்டார். வெறும் படங்களாகவே இருந்தாலும், அதிகம் படிக்காதவர்களுக்கு அடுக்கடுக்காக உள்ளே போகும் பட்டியல் கஷ்டம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பரப்பி வைத்தால் எளிது. உங்கள் அம்மா இரண்டாவது திரையில் நின்றுவிடக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை:

1. போனின் முதல் திரையில் அம்மாவுக்கு வேண்டிய நான்கு படங்களை மட்டும் வையுங்கள். அவற்றை இடம் மாற்றாதீர்கள்.

2. குரல் பதிவு அனுப்பத் தெரிந்தவருக்கு மைக் பழகிய பொருள். கூகுளில் அதே மைக் படத்தைத் தொட்டு, "பெரம்பலூர் சின்ன வெங்காயம் விலை" என்று கேட்கப் பழக்குங்கள்.

3. தடுமாறினால் போனை வாங்கிச் செய்து காட்டாதீர்கள். விரல் அவருடையதாகவே இருக்கட்டும். "இதைத் தொட்டா என்ன வரும்னு நினைக்கிறம்மா?" என்று கேளுங்கள்.

அவர் சொல்லும் பதிலைக் குறித்து வைத்து, எந்தத் திரையில் நின்றார் என்பதோடு சேர்த்துச் செயலியின் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஐந்து பேரைப் பயன்படுத்தச் சொல்லிப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். செயலி செய்பவர்கள் செட்டிகுளம் வெங்காயக் காட்டு வரப்பில் ஐந்து பேர் கையில் போனைக் கொடுத்து, வாய் திறக்காமல் ஒரு மணி நேரம் பார்த்தால் போதும். அதுவரை, அம்மா திருப்பித் தரும் போனைத் தோல்வியாக எண்ணாதீர்கள். அந்தத் திரையில் எதைத் திருத்த வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.