பாஸ்வேர்டு சரி, பிறகு ஏன் கணிப்பொறி உள்ளே விடவில்லை?



கரண்ட் போய் வந்த மறுநாள் லேபில் அதிகமாகக் கேட்கும் வார்த்தை எது தெரியுமா? "ஃபார்மேட் அடிச்சுடலாம்" என்பதுதான்! பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறோம். "வெல்கம்" என்று வட்டம் சுற்றுகிறது. உடனே "தி யூசர் புரொஃபைல் சர்வீஸ் ஃபெயில்டு தி சைன்-இன்" என்று ஒரு வாக்கியம். ஓ.கே. அழுத்தினால் மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கும் இடத்துக்கே வந்து நிற்கிறது. நான்கு முறை முயற்சி செய்கிறோம், பிறகு யாராவது வந்து மேற்சொன்ன மந்திரத்தைச் சொல்கிறார்கள்.

ஃபார்மேட் என்பது வைத்தியம் இல்லைங்க. காய்ச்சல் வந்தவனைக் கொண்டுபோய்ப் புதைப்பது மாதிரி. ஆறாவது செமஸ்டரில் புராஜெக்ட் ரிப்போர்ட்டும், ஆட்டோகேட் டிராயிங்கும் அந்த மிஷினுக்குள்தான் இருக்கும். வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பவருக்கு இன்னொரு காப்பி இருக்கலாம். என்னைப் போல, வீட்டிலிருந்து முதல் ஆளாகப் படிக்க வந்தவர்களுக்கு லேப் மிஷினை விட்டால் வேறு இடம் கிடையாது. ஆகவே இந்தக் கோளாறு என்ன, ஃபார்மேட்டுக்கு முன்னால் என்னென்ன செய்யலாம் என்பதை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். விண்டோஸ் 7, 10, 11 மூன்றுக்கும் பெரும்பாலும் இதே முறைதான்.

புரொஃபைல் என்றால் என்ன?

சி டிரைவில் "யூசர்ஸ்" என்ற ஃபோல்டர் இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இதற்கு "டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்" என்று பெயர். அதற்குள் ஒவ்வொரு பயனாளருக்கும் அவரவர் பெயரில் ஒரு ஃபோல்டர். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதற்குள்தான். இது கண்ணுக்குத் தெரியும் பாதி. தெரியாத பாதி ஒன்று உண்டு. அதே ஃபோல்டரில் "என்.டி.யூசர்.டேட்" என்று ஒரு கோப்பு மறைந்திருக்கிறது. நீங்கள் வைத்த வால்பேப்பர், ஃபான்ட், ஒவ்வொரு மென்பொருளிலும் செய்த மாற்றங்கள் எல்லாம் அதில் பதிவாகி இருக்கும். லாகின் செய்யும்போது விண்டோஸ் முதலில் இதைத்தான் திறக்கிறது. திறக்க முடியவில்லை என்றால் உள்ளே விடாது.

பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது வேறு பிரிவு, புரொஃபைலைத் திறப்பது வேறு பிரிவு. பாஸ்வேர்டு தவறு என்றால் "பாஸ்வேர்டு இஸ் இன்கரெக்ட்" என்றே சொல்லிவிடும். மேலே சொன்ன வாக்கியம் வந்தால், "உன்னை யார் என்று தெரிந்துகொண்டேன், உன் வீட்டுக் கதவுதான் திறக்கவில்லை" என்று அர்த்தம். ஆங்கிலத்தில் வருகிறதே என்று பயந்து படிக்காமல் ஓ.கே. அழுத்திவிடுகிறோம். அதை ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றும் தெரிய வேண்டும். யாருடைய ஃபோல்டர் எது என்ற கணக்கு ரெஜிஸ்ட்ரியில் தனியாக ஒரு பதிவேட்டில் இருக்கிறது. அதன் பெயர் "புரொஃபைல் லிஸ்ட்". பஞ்சாயத்து ஆபீசில் கதவு எண் பதிவேடு இருக்கிறதல்லவா, அது மாதிரி. பதிவேட்டில் நம் கதவு எண் அழிந்துபோனால் வீடு இடிந்துபோய்விட்டதா என்ன? வீடு அங்கேயேதான் இருக்கும். பெரும்பாலான கேஸ்களில் நம் ஃபைல்களும் அப்படித்தான், சி டிரைவில் பத்திரமாக இருக்கின்றன.

எதனால் கெடுகிறது?

முதல் காரணம் மின்சாரம். நாம் வேலை செய்யும் நேரம் முழுக்க அந்த என்.டி.யூசர் கோப்பு திறந்தே இருக்கும். அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி எழுதிய நோட்டு மாதிரி ஆகிவிடும். இதைச் சமாளிக்க விண்டோஸ் பக்கத்திலேயே ஒரு லாக் கோப்பு வைத்திருக்கிறது. ஆனால் எல்லா நேரமும் அது காப்பாற்றாது. யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போன லேப்களிலும், பெல் அடித்ததும் ஷட் டவுன் செய்யாமல் மெயின் சுவிட்சை இறக்குகிற லேப்களிலும் இந்தக் கோளாறு திரும்பத் திரும்ப வருவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

ஹார்டு டிஸ்க்கில் பேட் செக்டர் விழுவது இரண்டாவது காரணம். சி டிரைவ் நிரம்பி வழிவதும் ஒன்று. சில சமயம் கோப்பு கெட்டே இருக்காது. லாகின் நேரத்தில் ஆன்டிவைரஸ் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதனால் முதல் வைத்தியம் ரொம்பச் சுலபம்: ஒழுங்காக ஒரு ரீஸ்டார்ட், இன்னொரு ரீஸ்டார்ட். அதிலேயே சரியாகிவிட்டால் இந்தக் கட்டுரையின் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

உள்ளே விட்டாலும் ஆபத்து!

இதைக் கவனமாகப் படியுங்கள். சில நேரம் விண்டோஸ் உள்ளே விட்டுவிடும். ஆனால் டெஸ்க்டாப் புத்தம்புதுசாக, நம் ஃபைல் ஒன்றும் இல்லாமல் இருக்கும். மூலையில் "டெம்ப்ரரி புரொஃபைல்" என்று ஒரு அறிவிப்பு வந்து மறையும். அதாவது நம் வீட்டைத் திறக்க முடியாததால் நம்மைச் சத்திரத்தில் தங்க வைத்திருக்கிறது. பழைய ஃபைல்கள் போகவில்லை. ஆனால் அந்த நேரத்தில் டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ நாம் புதிதாகச் சேமிப்பது எல்லாம் சைன்-அவுட் செய்ததும் அழிக்கப்பட்டுவிடும். எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் இப்படி ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து ரிப்போர்ட் டைப் செய்து, டெஸ்க்டாப்பில் சேவ் பண்ணிவிட்டுச் சாப்பிடப் போகும்போது சைன்-அவுட் செய்தார். வந்து பார்த்தால் ஒரு வரிகூட இல்லை. அவர்மேல் என்ன தப்பு? சேவ் பண்ணத்தானே செய்தார்!

டெம்ப்ரரி என்று பார்த்தால் புது வேலை எதையும் அதில் தொடங்காதீர்கள். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் சைன்-அவுட்டுக்கு முன் பென் டிரைவிலோ டி டிரைவிலோ போட்டுவிடுங்கள்.

முதலில் ஃபைல், பிறகு ரிப்பேர்

இந்த வரிசையை மாற்றவே கூடாது. அதே மிஷினில் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உள்ள வேறொரு அக்கவுண்ட் இருந்தால் அதில் நுழையுங்கள். லேப் மிஷின் என்றால் லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடமோ சாரிடமோ சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். நம்முடையது இல்லாத மிஷினில் கேட்காமல் கைவைப்பது சரியில்லை. சி டிரைவ், யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர் ஃபோல்டர். அனுமதி இல்லை என்று சொன்னால் "கன்டினியூ" அழுத்துங்கள். ஃபைல்களைப் பென் டிரைவுக்கு காப்பி செய்யுங்கள். கட் செய்யாதீர்கள், காப்பிதான்.

வேறு அக்கவுண்ட் இல்லையா? சேஃப் மோடு முயற்சி செய்யலாம். விண்டோஸ் 7 என்றால் ஆன் செய்ததும் எஃப் 8. விண்டோஸ் 10, 11 என்றால் பாஸ்வேர்டு திரையிலேயே ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். பிறகு டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பட்டியல் வந்ததும் 4. அப்போது சில சமயம் நம் அக்கவுண்ட்டே திறந்துவிடும். பிட்லாக்கர் போட்ட லேப்டாப் என்றால் 48 இலக்க ரிகவரி கீ கேட்கலாம், அதைத் தயாராக வைத்துக்கொண்டு இறங்குங்கள். இதுவும் ஆகவில்லை என்றால் பென் டிரைவிலிருந்து உபுண்டு லினக்ஸை ஓட்டி, ஃபைல்களை எடுத்துவிடலாம். அது இலவசம், எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. பிட்லாக்கர் இல்லாத டிஸ்க்கில் மட்டும்தான் இது சுலபம்.

பதிவேட்டைத் திருத்துவது

இப்போது ரிப்பேர். ரன் பெட்டியில் "ரெஜெடிட்" தட்டுங்கள். ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்.டி., கரன்ட் வெர்ஷன், புரொஃபைல் லிஸ்ட் என்று வரிசையாகத் திறந்துகொண்டே போக வேண்டும். "விண்டோஸ்" என்று தனியாகவும் ஒன்று இருக்கும், அதில் போய்த் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்! எதையும் தொடுவதற்கு முன் புரொஃபைல் லிஸ்ட் மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே எஸ்-1-5 என்று தொடங்கும் எண்கள் இருக்கும். 18, 19, 20 என்று முடியும் சின்ன எண்கள் விண்டோஸின் சொந்த அக்கவுண்ட்டுகள், அவற்றைத் தொடக்கூடாது. எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீள எண்கள்தான் சாதாரணமாக நம் மிஷின்களில் உள்ள மனிதர்கள். ஒவ்வொன்றையும் கிளிக் செய்தால் வலது பக்கம் "புரொஃபைல் இமேஜ் பாத்" என்ற இடத்தில் அவரவர் ஃபோல்டர் தெரியும்.

புரொஃபைலைத் திறக்க முடியாதபோது விண்டோஸ் நம் எண்ணின் கடைசியில் புள்ளி வைத்து பி.ஏ.கே. என்று சேர்த்து ஒதுக்கிவிட்டு, அதே எண்ணில் தற்காலிகமாக இன்னொன்றைத் திறந்துகொள்ளும். ஆக, ஒரே எண் இரண்டு தடவை தெரிந்தால் இதுதான் சங்கதி. வால் இல்லாததற்கு ரீநேம் கொடுத்து வேறு ஏதாவது வால் சேர்த்துவிடுங்கள். பி.ஏ.கே. உள்ளதன் வாலை எடுத்துவிடுங்கள். இரண்டு இல்லாமல் பி.ஏ.கே. மட்டும் இருந்தால் வாலை எடுத்தால் போதும். பிறகு அதற்குள் "ஸ்டேட்", "ரெஃப் கவுண்ட்" என்ற இரண்டையும் 0 ஆக்குங்கள். ரெஃப் கவுண்ட் இல்லாவிட்டால் விட்டுவிடலாம். ரீஸ்டார்ட்.

வாலே இல்லை, ஆனாலும் திறக்கவில்லை என்றால் புரொஃபைல் இமேஜ் பாத்தில் உள்ள பெயரும் யூசர்ஸில் உள்ள ஃபோல்டர் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். யாரோ அழகாக இருக்கட்டும் என்று ஃபோல்டரை ரீநேம் செய்திருப்பார்கள். கதவு எண்ணை மாற்றிவிட்டுத் தபால் வரவில்லை என்ற கதைதான்.

அதற்கும் மசியவில்லை என்றால்

அப்போது என்.டி.யூசர் கோப்பே கெட்டிருக்கும். புது அக்கவுண்ட் ஒன்று உருவாக்கி, பழைய டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் முதலியவற்றை அதற்குள் காப்பி செய்வதே நல்லது. என்.டி.யூசர் என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் கொண்டுவராதீர்கள், நோயும் கூடவே வந்துவிடும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் பெரும்பாலும் கிடைக்காது. ஃபைல்களை விண்டோஸிலேயே என்கிரிப்ட் செய்து வைத்தவர்கள் பழைய அக்கவுண்ட்டை அழிக்கவே கூடாது, அந்தப் பூட்டின் சாவி அதற்குள்தான் இருக்கிறது.

புது அக்கவுண்ட்டும் திறக்கவில்லையா? அப்படியும் நடக்கும். புது அக்கவுண்ட் எல்லாமே யூசர்ஸில் மறைந்திருக்கும் "டிஃபால்ட்" என்ற ஃபோல்டரின் நகல்தான். அச்சே கெட்டிருந்தால் அதில் வார்க்கிற எதுவும் கோணலாகத்தானே வரும்? அதே விண்டோஸ் வெர்ஷன் உள்ள பக்கத்து மிஷினிலிருந்து டிஃபால்ட் ஃபோல்டரைக் கொண்டுவந்து போட வேண்டும். கூடவே கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து "செக்டிஸ்க்" ஓட்டி டிஸ்க்கைச் சோதியுங்கள். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் சோதனை எதுவும் வேண்டாம், அது உயிரோடு இருக்கும்போதே காப்பி எடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் திறக்கவில்லை என்றால் சரி, ஃபார்மேட் அடிக்கட்டும். அதற்கு முன் பென் டிரைவில் உள்ள ஃபைலை வேறொரு மிஷினில் திறந்து பார்த்துவிட்டு, கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.