எல்லை கடந்த பூச்சி

கோலார் மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்ப்பு பல குடும்பங்களின் வாழ்வாதாரம் ஆகும். பட்டுப்புழுவின் உணவு மல்பெரி இலை. அம்மல்பெரிக்கும் பப்பாளி, மரவள்ளி முதலிய பயிர்களுக்கும் பகையாக ஒரு பூச்சி அயல்நாட்டிலிருந்து வந்து சேர்ந்தது.

அதன் பெயர் பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் தாயகம். 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட அது, விரைவில் தமிழகத்தின் பிற மாவட்டங்களுக்கும் கர்நாடகம், கேரளம் ஆகிய மாநிலங்களுக்கும் பரவியது. செடியின் சாற்றை அது உறிஞ்சியதால் தோட்டங்கள் வாடின. உழவர்கள் மருந்து தெளித்தனர்; பூச்சியின் உடலை மூடிய வெண்மெழுகு அதனைக் காத்தது. மல்பெரிக்கு மருந்து தெளிப்பதோ பேரிடர். நஞ்சு படிந்த இலையைத் தின்றால் பட்டுப்புழுவும் மடியும்.

தாயகத்தில் அப்பூச்சியை அடக்கச் சிறு குளவிகள் உண்டு. குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். அதிலிருந்து வெளிவரும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்றழிக்கும். இந்தியாவுக்குப் பூச்சி வந்தது. அதன் பகைவன் வரவில்லை.

எனவே இந்திய அறிவியலாளர்கள் அமெரிக்க வேளாண் துறையின் உதவியை நாடினர். 2010ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூவகைக் குளவிகள் பெங்களூரிலுள்ள நடுவண் அரசின் பூச்சி ஆய்வு நிறுவனத்துக்கு வந்தன. அவை உடனே வயலில் விடப்படவில்லை. பிற உயிர்களுக்குத் தீங்கு செய்யுமா எனக் காப்புக்கூடத்தில் ஆராய்ந்த பின்னரே, அவ்வாண்டு அக்டோபரில் விடுவிக்கப்பட்டன. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி மிகுந்த பயன் தந்தது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது.

இத்தகைய ஒத்துழைப்புக்கு அடித்தளமாக 1951ஆம் ஆண்டில் அனைத்துலகத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தம் உருவானது. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இணைந்துள்ளன. தம் நாட்டில் தோன்றும் புதிய பூச்சியையும் நோயையும் அவை பிற நாடுகளுக்கு அறிவித்தல் வேண்டும். ஏற்றுமதியாகும் செடிக்கும் விதைக்கும் தாவர நலச் சான்றிதழ் வழங்குதல் வேண்டும். ஒரு நாடு நோயை மறைத்தால் மற்றொரு நாட்டின் பயிர் அழியும். அயல்நாட்டிலிருந்து வருவோர் சான்றிதழின்றி ஒரு சிறு செடியையும் கொண்டுவரக் கூடாது என்னும் விதியின் காரணமும் இதுவே.

அருஞ்சொற்பொருள்

வாழ்வாதாரம் – பிழைப்புக்கு அடிப்படை
இடர் – துன்பம்
காப்புக்கூடம் – வெளியேற இயலாதவாறு அடைத்த ஆய்வறை

வினாக்கள்

1. மருந்து தெளித்தும் மாவுப்பூச்சி அழியாதது ஏன்?
2. குளவிகளை உடனே வயலில் விடாததன் காரணம் யாது?
3. ‘பகைவன்’ என்னும் சொல் இப்பாடத்தில் எதனைக் குறிக்கிறது?