புகை போக ஒரு வழி: நம் காம்பராக் காற்றைச் சுத்தமாக்குவோம்



சித்திரை வந்தால் நுவரெலியாவில் வசந்த காலம். பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று ஊரே கலகலப்பாகிவிடும். அதே நாட்களில் நம் லயங்களில் வேறொரு சத்தமும் கேட்கும். தும்மல், வறட்டு இருமல், பிள்ளைகளின் நெஞ்சில் "கீச், கீச்" என்ற இழுப்பு. "பீனிசம் வந்திருச்சு", "பனி ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டு நாமும் வேலைக்குப் போய்விடுகிறோம்.

குளிர் நாடுகளில் வசந்தம் வந்தால் மரங்களும் புற்களும் மகரந்தத் தூளைக் காற்றில் விடும். "ஜன்னலைச் சாத்தி வையுங்கள்" என்று அங்கே டொக்டர்மார் சொல்வார்கள். அந்தப் புத்திமதி நமக்கு அப்படியே பொருந்தாது. நம் காம்பராக்கள் பலவற்றில் வெளியே இருக்கும் காற்றைவிட உள்ளே இருக்கும் காற்றுதான் மோசம். ஆகவே நாம் கதவைச் சாத்தக் கூடாது, திறக்க வேண்டும். இந்த இதழில் அதைப் பற்றித்தான் படிக்கப் போகிறோம்.

அம்மாயி வீட்டில் கண்டது

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பின்னேரம் ஐந்தரை மணிக்கு லயம் லயமாகப் போனோம். ஒரு வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு வயதுப் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாயி இருந்தார்.

"ராவெல்லாம் புள்ளைக்கு இழுக்குதுங்க ஐயா. பனி ஒத்துக்கல போல. அதான் சூட்டுல வச்சிருக்கேன்" என்றார்.

நாம் தலையை நிமிர்த்திப் பார்த்தோம். கூரைத் தகரம் பானை அடியைப் போலக் கறுத்திருந்தது.

"இந்தக் கரி எங்கிருந்து வந்தது அம்மாயி?"

"அடுப்புப் புகைதாங்க. வேற என்ன?"

"தகரத்துல இவ்வளவு ஒட்டியிருந்தா, புள்ளையோட நெஞ்சுல எவ்வளவு ஒட்டியிருக்கும்?"

அம்மாயி பதில் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்துவிட்டார். அன்புக்காகத்தான் அவர் பிள்ளையை அடுப்படியில் வைத்திருந்தார். அந்த அன்புக்குக் கொஞ்சம் விளக்கமும் சேர வேண்டும், அவ்வளவுதான்.

பாடம் 1: புகையில் என்ன இருக்கிறது?

விறகுப் புகையில் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்கள் உண்டு. நம் தலைமுடியின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் அவற்றின் அளவு. பெரிய தூசியை மூக்கு தடுத்துவிடும். இவை மூக்கைத் தாண்டி நுரையீரலின் அடிவரைக்கும் போய்விடும்.

2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகையால் உலகம் முழுவதும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். புகைக்குள் வளரும் பிள்ளைக்கு நியூமோனியா வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரியவர்களுக்கு நெடுநாள் மூச்சு நோய், இருதய நோய், கண்ணில் புரை என்று பல தொல்லைகள். அடுப்பு முன்னால் அதிக நேரம் இருப்பது பெண்கள். ஆகவே அதிகப் பங்கு அவர்களுக்குத்தான்.

பாடம் 2: நம் லயத்தில் ஏன் அதிகம்?

பழைய லயக் காம்பரா பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதிலும் இரட்டை லயமென்றால் முதுகுக்கு முதுகு ஒட்டியே கட்டியிருப்பார்கள். பின்பக்கம் ஜன்னல் வைக்க வழியில்லை. முன்பக்கத்தால் வந்த காற்று வெளியே போக இடமில்லாமல் உள்ளேயே சுற்றும். இது உங்கள் குற்றமல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் அப்படிக் கட்டினார்கள். நல்ல வீடு கேட்பது நியாயமான கோரிக்கை. அது கிடைக்கும் வரைக்கும் இருக்கும் காம்பராவில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

2022ஆம் ஆண்டுக் காஸ் தட்டுப்பாட்டில் டவுன் வீடுகளில் கூட விறகு அடுப்பு மூட்டினார்கள். "விறகே வேண்டாம்" என்று நாம் சொல்லவில்லை. புகையைக் குறைக்கவும், வந்த புகையை வெளியே அனுப்பவும்தான் சொல்கிறோம்.

பாடம் 3: செய்ய வேண்டியவை

1. காய்ந்த விறகையே எரியுங்கள். ஈரக் கவ்வாத்து மிளாரை அடுப்பில் வைத்தால் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை விரட்டவே போய்விடும், புகையும் அதிகமாகும். விறகைச் சிறிதாகப் பிளந்து, மழை படாத இடத்தில், காற்றுப் போகும்படி இடைவெளி விட்டு அடுக்குங்கள்.

2. அடுப்பு பற்றவைக்கப் பொலித்தீன் பை, ரெஜிபோம், பழைய செருப்பு, டயர் துண்டு எதையும் போடாதீர்கள். லேசாகப் பற்றும் என்பது உண்மைதான். ஆனால் அதன் புகை விறகுப் புகையைவிட நஞ்சு. காய்ந்த சுள்ளி, காகிதம் போதும்.

3. மூன்று கல் அடுப்புக்குப் பதிலாக இரண்டு வாய் உள்ள களிமண் அடுப்பு வையுங்கள். 1980களிலிருந்து நம் நாட்டில் பரவிய "அனகி" அடுப்பு இந்த வகைதான். ஒரு நெருப்பில் இரண்டு சட்டி வைக்கலாம், விறகும் மிச்சம். சட்டியை மூடி வைத்துச் சமையுங்கள். பருப்பு, கடலையை முன்கூட்டியே ஊறவையுங்கள்.

4. புகைக்கூண்டு இருந்தால் அது கூரை முகட்டுக்கு மேலே நிற்க வேண்டும். முகட்டுக்குக் கீழே நின்றால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். மாதம் ஒரு தடவை கரியைத் தட்டுங்கள். சூடான குழாய் மரச் சட்டத்தில் படக் கூடாது. ஒரு வீட்டில் பற்றினால் முழு லயத்துக்கும் ஆபத்து.

5. புகைக்கூண்டு இல்லாதவர்கள் அடுப்பைக் கதவு அல்லது ஜன்னல் பக்கம் மாற்றுங்கள். கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தைச் சாக்கால் அடைத்திருந்தால் அடுப்புப் பக்கத்திலாவது எடுத்துவிடுங்கள். சமைக்கும்போதும், முடிந்து அரை மணி நேரமும் கதவு திறந்திருக்கட்டும். சுவரை உடைப்பதென்றால் முதலில் தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். நம்மிடம் வந்தால் நாமும் சேர்ந்து பேசுவோம்.

6. சமைக்கும் நேரம் சின்னப் பிள்ளைகள் அடுப்படியில் வேண்டாம். குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை பிடிப்பதையும் விட்டுவிடுங்கள். பீடி, சிகரெட் குடிப்பவர்கள் இஸ்தோப்பையும் தாண்டி வெளியே போக வேண்டும்.

பாடம் 4: ஈரமும் தூசியும்

மழைக் காலத்தில் சுவரில் கறுப்புப் புள்ளியாகப் படர்வது பூஞ்சணம். அதன் தூள் மூச்சில் போனால் இழுப்புக்காரருக்கு உடனே தொல்லை தரும். லயத்துக் கானை அடைபடாமல் வைத்தால் சுவரில் ஈரம் ஏறுவது குறையும். ஈர உடுப்பைப் படுக்கும் இடத்தில் காயப் போடாதீர்கள். பூஞ்சணத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, சுவரை நன்றாகக் காயவிடுங்கள்.

கம்பளி, மெத்தை, தலையணைக்குள் தூசிப் பூச்சி என்று ஒன்று வாழும். கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அதற்குச் சாப்பாடு. ஈரமான இடம் அதற்கு மிகவும் பிடிக்கும். வெயில் வரும் நாட்களில் கம்பளியை வெளியே தட்டி, நன்றாகக் காயப் போடுங்கள். தலையணை உறை, போர்வையைக் கொதிக்கும் அளவுக்குச் சூடான தண்ணீரில் ஊறவைத்துத் துவையுங்கள். கூட்டும் முன் தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் தூசி கிளம்பாது.

மறக்கக் கூடாத எச்சரிக்கை

குளிருக்காகத் தணல் சட்டியைப் படுக்கும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். தணலில் புகை தெரியாது. ஆனால் காபன் மொனொக்சைட் என்ற வாயு வரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே உயிரை விடலாம். தணலைவிட இன்னொரு கம்பளி மேல்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு?

பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, ஒரு வயது வரைக்கும் 50, ஐந்து வயது வரைக்கும் 40. இந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் அன்றே டொக்டரிடம் காட்டுங்கள். விலாவுக்குக் கீழே உள்வாங்கினால், பால் குடிக்க முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் புகை என்று நினைத்து விட்டுவிடாமல் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய் என்றால் மருந்தும் இலவசம், முழுவதும் குணமாகும்.

பம்ப் மருந்து கொடுத்தால் "பழகிப் போயிரும்" என்று பயந்து நிறுத்தாதீர்கள். டொக்டர் சொன்னபடி பாவியுங்கள்.

வீட்டுப் பாடம்

ஒரு வெள்ளைத் துணியை நனைத்து அடுப்புக்கு மேலே ஒரு கிழமை தொங்கவிடுங்கள். நெருப்புப் படாத உயரம் முக்கியம். அதே போல ஒன்றை இஸ்தோப்பில் தொங்கவிடுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து வீட்டிலுள்ள எல்லோருக்கும் காட்டுங்கள்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அம்மாயி வீட்டுக்கு மறுபடி போனோம். மருமகன் அடுப்பைக் கதவோரம் மாற்றி, சாக்கை எடுத்திருந்தார். விறகு இஸ்தோப்பு ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைக்கு இழுப்பு அடியோடு போகவில்லை, பம்ப் மருந்தும் நடக்கிறது. "ஆனா இப்ப ராவுல தூங்குறானுங்க ஐயா, நாங்களும் தூங்குறோம்" என்றார் அம்மாயி.

உங்கள் வீட்டிலும் இந்தக் கிழமையே ஒரு காரியத்தையாவது ஆரம்பியுங்கள். சந்தேகம் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரையோ நம்மையோ கேளுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.