தூது போகாத அத்தையின் கடிதம்

பாப்பா,

நேற்று ராத்திரி கடையை அடைத்த கையோடு உன் அப்பா போன் செய்தான். "அக்கா, நீ சொன்னா அவ கேட்பா. இந்தப் படிப்பு வேண்டாம்னு சொல்லிடு. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா, பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிறான்னா சொல்றது?" காலையில் எழுந்தால் உன் வாட்ஸ்அப்: "அத்தை, அப்பாகிட்ட நீங்க பேசுங்க." ஒரே ராத்திரியில் அப்பனும் மகளும் என்னை நடுவில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டீர்கள்.

நான் பார்க்கும், நீ போக நினைக்கும் குடும்ப சிகிச்சைத் தொழிலில் இதற்கு முக்கோணம் என்று பெயர். இரண்டு பேருக்குள் பதற்றம் தாங்கமுடியாமல் போனால் மூன்றாவது ஆளை இழுத்து, பாரத்தை அங்கே இறக்கிவைப்பார்கள். மாமியார், மருமகள் தகராறில் மகன். புருஷன், பெண்டாட்டி தகராறில் பத்தாவது படிக்கிற பையன். அவனுக்கு வயிற்றுவலி, ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்கிறான். ஸ்கேனில் ஒன்றுமில்லை. "இவனைச் சரிபண்ணுங்க மேடம்" என்று கூட்டிவருவார்கள். யார் எங்கே உட்காருகிறார்கள் என்று மட்டும் பார். பெரும்பாலும் பையன் இருவருக்கும் நடு நாற்காலியில் இருப்பான். அப்பா கேள்விக்கு அம்மாவைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வான்.

முக்கோணம் என்பது அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் கொடுத்த விளக்கம். 1954 முதல் 1959 வரை அங்குள்ள தேசிய மனநல நிறுவனத்தில், ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகளோடு முதலில் அம்மாக்களையும், பிறகு முழுக் குடும்பங்களையும் வார்டிலேயே தங்கவைத்துக் கவனித்தவர். அதே 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் வீட்டாரைக் கூடாரம் போட்டுக் கூடவே இருக்கச் செய்தார். நம் வேலூர் பாகாயத்தில் 1957இல் தொடங்கிய சி.எம்.சி. மனநல மையமும் உறவினர் கூடத் தங்கும் முறையைத்தான் எடுத்துக்கொண்டது. பாயும் தூக்குச்சட்டியுமாக ஒருவர் துணைக்கு இல்லாமல் நம் ஊரில் யார் ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள்? குடும்ப சிகிச்சையை வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால், பாகாயத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்.

போவனை எனக்குப் பிடிக்கக் காரணம் வேறு. 1967இல் பிலடெல்பியா மாநாட்டில் அவர் கோட்பாடு பேசுவார் என்று சக நிபுணர்கள் காத்திருக்க, அவர் தன் சொந்த வீட்டுக் கதையை எடுத்துவிட்டார். யார் பக்கமும் சாயாமல், யாரையும் விட்டு விலகாமல், ஒவ்வொருவரிடமும் நேராகப் பேசிப் பழகத் தான் பட்ட பாட்டை. 1972இல் அது நூலில் வந்தபோது எழுதியவர் பெயர் போடப்படவில்லை. அவ்வளவு பெரிய மருத்துவருக்கே சொந்த வீடுதான் கஷ்டமான பாடம்.

எனக்கும்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு மருமகள் என் முன்னால் விம்மி விம்மி அழுதாள். என் மனசில் என் மாமியார் வந்து நின்றுவிட்டார். எதிரில் இருந்த அவளுடைய மாமியாரிடம், "அவங்க சொல்றது நியாயம்தானே?" என்று கேட்டுவிட்டேன். அந்தம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அந்தக் குடும்பம் திரும்பி வரவே இல்லை. மருமகளுக்கு நல்லது செய்துவிட்டதாக அன்று சாயங்காலம் வரை எனக்குப் பெருமை. என்னிடம் அழுதுவிட்டு அதே வீட்டுக்குத்தானே அவள் திரும்பிப் போனாள்! அங்கே அவளுக்கு என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"நீங்களே சொல்லுங்க, யார் மேல தப்பு?" இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. பெரியப்பா, தாய்மாமன் எல்லாரும் தீர்ப்புச் சொல்லி முடித்த பிறகுதான் நம்மிடம் வருகிறார்கள். இன்னொரு நாட்டாமை அவர்களுக்கு எதற்கு? உன் அறையில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவேண்டும், உன்னோடு அல்ல. அதற்கு வழிசெய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகவே எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

படிப்பு விஷயம். எம்.ஏ. சைக்காலஜி முடித்த சூட்டோடு போர்டு மாட்டிவிடாதே. கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சி வேண்டும். 2017ஆம் வருஷ மனநலச் சட்டமும் அதையே கேட்கிறது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம், ஆரம்பச் சம்பளம் உன் அப்பாவிடம் சொல்லும்படி இருக்காது. ஆனால் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து உன் தப்பைப் பிடிப்பது அந்தப் பயிற்சிக் காலத்தில்தான். அதை விட்டுவிடாதே.

உன் அப்பாவுக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: "தம்பி, அவகிட்ட நீயே பேசு." உனக்கும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. மத்தியானம் சாப்பிட்ட பிறகு அவன் கொஞ்சம் இளகியிருப்பான். அம்மாவையும் துணைக்கு இழுக்காமல் போய் உட்கார். என்ன முடிவானாலும் சரி, அன்று ராத்திரி இரண்டு பேரும் எனக்குப் போன் செய்யாதீர்கள்.

அன்புடன்,
அத்தை