கயலுக்கு, ஒரு கல்ச்சர் ரிப்போர்ட் பற்றி

அன்புள்ள கயல் குட்டிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நைட் டியூட்டி முடிந்து வந்து சாப்பிடாமலே படுத்துவிடுகிறாயாமே, உன் அம்மா போனில் ஒரே புலம்பல். முதலில் சாப்பிடு, அப்புறம் இதைப் படி.

உன் வார்டில் இருக்கும் அந்த விவசாயியைப் பற்றிக் கேட்டிருந்தாய். சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, வாரக்கணக்கில் காய்ச்சல், மண்ணீரலில் சீழ்க்கட்டி. மழைக்காலம் வேறு. எனக்கு மெலியாய்டோசிஸ் என்றுதான் சந்தேகம். வயல் சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் பர்கோல்டேரியா சூடோமல்லை கிருமியால் வருவது. ரங்கூனில் கண்டதை விட்மோரும் கிருஷ்ணசாமியும் 1912-இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஆனாலும் இன்றைக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் டிபி மாத்திரையில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. லேபில் வளர்ந்தாலும் சூடோமோனாஸ் என்று எழுதிவிடுவதுண்டு.

அதனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் பார்க்கும் பழக்கம் உனக்கு வேண்டாம். சின்ன வயதில் கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பாயே, அதே அவசரம் இங்கே ஆகாது. கிராம் நெகட்டிவ், ஆக்சிடேஸ் பாசிட்டிவ். ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் ரெசிஸ்டன்ட், ஆனால் கோ-அமாக்சிகிளாவுக்கு சென்சிடிவ். இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் அங்கேயே நின்றுவிடு. சென்சிடிவ் என்று இருக்கிறதே என்று கோ-அமாக்சிகிளாவை எழுதிவிடாதே, அதில் நோய் திரும்ப வருவது அதிகம். லேபுக்குப் போன் செய்து, எதைச் சந்தேகப்படுகிறாய் என்று சொல். பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்து வேலை செய்ய வேண்டிய கிருமி அது. லேபில் இருப்பவர்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தானே.

எல்லோருக்கும் போடுகிற செஃப்ட்ரியாக்சோன் இதற்குப் போதாது. செஃப்டாசிடிம், இல்லையென்றால் மெரோபெனம், நரம்பு வழியாகக் குறைந்தது இரண்டு வாரம். உள்ளே சீழ்க்கட்டி இருந்தால் நான்கு வாரமாவது ஆகும், வடிக்க முடிந்ததை வடித்துவிட வேண்டும். தாய்லாந்தில் செய்து 1989-இல் வெளிவந்த ஆய்வில், பழைய மருந்துகளோடு ஒப்பிட்டால் செஃப்டாசிடிம் இறப்பைப் பாதியாகக் குறைத்திருந்தது. இன்னொன்று: சரியான மருந்து போட்டாலும் ஒரு வாரத்துக்கு மேல்கூடக் காய்ச்சல் அடிக்கும். மூன்றாம் நாளே பதறிப்போய் மாற்றிவிடாதே, கண்ணு. நோயாளி தளராமல் இருந்தால் பொறு. புதிதாகக் கட்டி ஏதும் இருக்கிறதா என்று ஸ்கேனில் தேடு. ஆண்கள் என்றால் புரோஸ்டேட்டையும் பார்க்கச் சொல்.

எனக்கு அதைவிடக் கவலை வீட்டுக்குப் போன பிறகுதான். எடைக்கு ஏற்ற அளவில் கோ-ட்ரைமாக்சசோல் மூன்று மாதம் சாப்பிட வேண்டும். காய்ச்சல் விட்டதும் ஒரு விவசாயி வயலைப் பார்ப்பாரா, மாத்திரையைப் பார்ப்பாரா? டிஸ்சார்ஜ் சீட்டில் முடியும் தேதியைத் தமிழில் எழுதிக் கொடு. அவர் மனைவியிடமும் சொல். கிரியாட்டினின், பொட்டாசியம் பார்க்க வரச் சொல்லி, வராவிட்டால் நீயே கூப்பிடு. தடிப்பு வந்தால் உடனே வரவேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பு. இரண்டாவது மாதத்தில் நீ செய்கிற அந்த ஒரு போனை எந்தப் பரீட்சையிலும் கேட்கமாட்டார்கள், ஆனால் மாத்திரை பாதியில் நின்றால் நோய் திரும்பும்.

இன்னும் கல்ச்சர் எடுக்கவில்லையென்றால் அடுத்த டோஸுக்கு முன்னாலேயே இரத்தம், சளி, சிறுநீர், தொண்டை ஸ்வாப், சீழ் எல்லாம் அனுப்பிவிடு. நாளை ரவுண்ட்ஸுக்கு முன்னால் லேபில் பேசிவிட்டு என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சொல்.

பிரியமுடன்,
பெரியப்பா